முப்பத்துநாலு பேருக்காக நடந்த கால்

என் வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதேபோல் கை கால் சுகமாக நடமாடிக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. போன ஞாயிறு நீ சொன்னதற்கு ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், "உனக்குத் தெரியாதும்மா" என்பாய், லைன் சரியில்லை என்பாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய கையை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், கமா புள்ளி எங்கே வைப்பது என்று தெரியாது, மூச்சு வாங்குகிற இடத்தில் நீயே நிறுத்திப் படித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். குட்டி எழுத்து வேலையை முடிப்பதில்லை என்று அவன் டீச்சர் சொன்னாராம், அதற்கு நீயே, "இன்டர்வெல்ல அவனை வெளியே விடாதீங்க மேடம், உக்கார வெச்சு எழுத வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தாயாம். அதை என்னிடம் ஏதோ கோட்டையைப் பிடித்த மாதிரி சொல்கிறாய். "அந்தப் பதினஞ்சு நிமிஷம் வீணாத்தானேம்மா போகுது" என்றாய். யார் சொல்வது பார். உன் பள்ளிக்கூட உடுப்பின் கீழ்த்தையல் ஒரு வாரம் பிரியாமல் இருந்ததுண்டா, நான் தைத்துத் தைத்து அந்தத் துணியில் நூல்தான் மிச்சம் இருந்தது. முட்டியில் ஒரு காயம் ஆறுவதற்குள் அடுத்த காயத்தோடு வருவாய். வாலு என்று உன் அப்பா பேர் வைத்தது உன் வாய்ப்பாட்டைக் கேட்டுவிட்டா வைத்தார்? அப்படி ஆடித் திரிந்துதான் நீ இன்றைக்கு ஏசி ரூமில் உட்கார்ந்து நாலு பேரை வேலை வாங்குகிறாய், கெட்டா போய்விட்டாய்? உன் பிள்ளைக்கு வயது ஏழு. ஏழு வயதில் உட்கார வைத்தால் எழுபதில் எழுந்து ஓடுவானா?

நான் பெருக்கித் துடைக்கிற பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் நடந்த கூத்தை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. அப்பா போன துக்கத்தில் சொல்லத் தோன்றவில்லை, சொன்னால் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வரும் என்பது இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் ஓடிப்போய்த் தூணில் முட்டி முன்பல் உடைந்தது. அது பால்பல், எப்படியும் விழ வேண்டியதுதான், ஆனால் அவள் அப்பா வந்து போட்ட சத்தத்தில் பெரிய டீச்சர், அதுதான் தலைமையாசிரியை, நடுங்கிப்போய் மைதானத்துச் சுவரில் "ஓடக் கூடாது" என்று போர்டு மாட்டிவிட்டார். பிள்ளைகள் நடந்தார்கள். அப்புறம் நடக்கவும் இடம் இல்லை, மைதானத்தில் பாதியை டீச்சர்களுடைய கார்கள் பிடித்துக்கொண்டன, கால்வாசியில் புதுக் கட்டடத்துக்குக் கொட்டிய மணல், அதில் கால் வைத்தால் திட்டு. மிச்சம் இருக்கிற முடுக்கில் நின்று பிஸ்கட் தின்றுவிட்டு உள்ளே போவார்கள். பதினைந்து நிமிஷத்தில் பத்து நிமிஷம் கக்கூஸ் வரிசைக்கே சரியாகிவிடும், பெண்பிள்ளைகளுக்கு நாலு கதவு, ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, இன்னொன்றில் என் மாப்பும் பக்கெட்டும் பினாயில் டப்பாவும் குடியிருந்தன. இதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. பிறகு எங்கிருந்தோ டாக்டர்கள் வந்து பிள்ளைகளை எடை பார்த்து இருபது தடவை குதிக்கச் சொன்னார்கள், பாதிப் பேருக்கு எட்டாவதிலேயே மூச்சு இரைத்தது. உடனே மேலேயிருந்து ஓர் அதிகாரி காகிதம் அனுப்பினார், இடைவேளையில் பிள்ளைகள் உடம்பை அசைத்தே ஆக வேண்டும் என்று. இரண்டு வருஷம் ஓடாதே ஓடாதே என்று அதட்டியவர்கள் ஒரு திங்கட்கிழமை காலையில் ஓடு ஓடு என்று விரட்டினார்கள். "அசைவோம் ஆரோக்கியமாவோம்" என்று புதுப் போர்டு வந்தது. பழைய போர்டைக் கழற்ற ஆள் வரவில்லை, மூன்று வாரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. பிள்ளைகள் நடுவில் நின்று இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு பிஸ்கட் தின்றார்கள்.

காகிதத்துக்குப் பின்னாலேயே அட்டைப்பெட்டியில் பட்டைகள் வந்தன. கைக்கடிகாரம் மாதிரி இருக்கும், மணி காட்டாது, எத்தனை அடி நடந்தோம் என்று காட்டும். காலை மணி அடித்ததும் பிள்ளைகள் கையில் கட்ட வேண்டும், சாயங்காலம் கழற்றி எண்ணிக்கையைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுத வேண்டும், பருவ முடிவில் அதிகம் நடந்த வகுப்புக்குக் கோப்பை. கார்களை எடுங்கள் என்று காகிதத்தில் இல்லை, மணலை அள்ளுங்கள் என்று இல்லை, கக்கூசுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்கள் என்று இல்லை, பட்டை மட்டும் பளபளவென்று வந்தது. விளையாட்டு மாஸ்டர் ஒருத்தர் இருக்கிறார், பிள்ளைகள் அவரை விசில் என்பார்கள். அவர் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு "ம், அசையுங்க, அசையுங்க" என்பார், அந்த வளாகத்திலேயே அசையாத ஜீவன் அவர்தான். பிள்ளைகள் என்ன மக்குகளா? ஐந்தாம் வகுப்பு மேஜைக்கு அடியில் கையை உதறி உதறியே ஐயாயிரம் அடி நடந்தது. நாலாம் வகுப்பில் ஒருத்தன் பட்டையை மின்விசிறியில் கட்டிவிட்டான், கணக்குப் பார்த்தால் அவன் அன்றைக்கு அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பான்.

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு நாங்கள் வைத்த பேர் தங்கக்கண்ணாடி. அவர் வகுப்பில் யாரும் ஃபெயில் ஆனதில்லை என்று அவருக்குத் தலை நிமிர்ந்தே இருக்கும். இடைவேளை மணி அடித்தால் அவர் கதவு மட்டும் திறக்காது. எழுதி முடித்தவர்கள் வெளியே போகலாம் என்பார், முடிப்பதற்குள் அடுத்ததைக் கரும்பலகையில் எழுதிவிடுவார். உன் குட்டியின் டீச்சரை அப்படியே உரித்து வைத்த மாதிரி என்று வைத்துக்கொள். பிள்ளைகளை வெளியே விட மனம் இல்லை, ஆனால் கோப்பையும் வேண்டும். இரண்டாம் வாரம் என்னைக் கூப்பிட்டார். பதினொரு வருஷமாக "ஏம்மா", "இந்தாம்மா" என்ற வாய் அன்றைக்கு "அக்கா" என்றது. "அக்கா, நீங்க எப்படியும் நாள் பூரா நடந்துக்கிட்டேதானே இருக்கீங்க, இதைக் கொஞ்சம் உங்க கோட்டுப் பையில போட்டுக்கோங்களேன், பிள்ளைங்க எழுதறப்ப கையில உறுத்துதாம்" என்றார். முப்பத்துநாலு பட்டை. என் நீலக் கோட்டில் வலது பையில் பதினேழு, இடது பையில் பதினேழு. நான் மூன்று மாடி ஏறி இறங்கி, இருபத்தாறு அறை பெருக்கித் துடைத்து, தண்ணீர் தூக்கி, சாயங்காலம் பைகளைக் காலி செய்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்குப் பதினோராயிரம் அடி நடந்திருப்பார்கள், உட்கார்ந்த இடத்தில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டே. ஒரு பிள்ளை காய்ச்சலில் ஒன்பது நாள் வரவில்லை, அதுவும் படுத்த படுக்கையில் தினம் பதினோராயிரம் அடி நடந்தது. எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை, பத்து இருபது முன்னே பின்னே. கொஞ்சம் மூளை இருக்கிறவர்கள் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். பெரிய டீச்சர் பார்த்துவிட்டு, "என்ன ஒரு ஒற்றுமை பாருங்க, அத்தனை பேரும் ஒரே சீரா ஓடியிருக்காங்க" என்று காலைக் கூட்டத்தில் கை தட்டச் சொன்னார். நானும் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை தட்டினேன்.

எனக்குப் புத்தி எங்கே போனது என்று கேட்பாய். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. நான் எதில் முதலாவதாக வந்திருக்கிறேன்? சுவரில் மூன்றாம் வகுப்பின் கோடு மேலே மேலே ஏறுவதைப் பார்த்தால், அது என் கால் என்று யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும் அல்லவா. இரண்டாம் வகுப்பு நெருங்கி வந்தால் தங்கக்கண்ணாடி எனக்குக் கண்ணைக் காட்டுவார், நான் வேலை ஒன்றும் இல்லாமலே மாடிப்படியை நாலு தடவை கூடுதலாக ஏறி இறங்குவேன். கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தால் முப்பத்துநாலு தலையும் குனிந்திருக்கும். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண் உண்டு, பொக்கை என்பேன், அது மட்டும் தலையைத் தூக்கி, "ஆயா, நான் இப்போ எங்கே நடந்துக்கிட்டு இருக்கேன்?" என்று வாயசைத்துக் கேட்கும். "மொட்டை மாடியில" என்று நான் கையைக் காட்டுவேன். அது சிரிக்கும், நானும் சிரிப்பேன். வெட்கம் கெட்ட சிரிப்பு.

அந்த நாட்களில்தான் உன் அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய உடம்பு, சீட்டில் உட்கார்ந்தே பாதி உலகத்தைச் சுற்றியவர், இறங்கி நடந்ததில்லை. தினம் சாயங்காலம் அரை மணி நேரம் நடந்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். நீ கூட நல்ல ஷூ வாங்கி அனுப்பினாய். நான் வேலை முடிந்து வரும்போது அதைப் போட்டு நாடாவும் கட்டிக்கொண்டு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருப்பார். "வாயேன், தண்ணித் தொட்டி வரைக்கும் போயிட்டு வருவோம்" என்பார். "தனியா நடந்தா வேலை வெட்டி இல்லாதவன் மாதிரி இருக்கு" என்பார். நான் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டு, "நாள் பூரா நடந்துட்டு வந்து கிடக்கேன், உங்களுக்காக வேற நடக்கணுமா, உங்களுக்குன்னு கடவுள் கால் குடுக்கலையா" என்பேன். அவர் குனிந்து நாடாவை அவிழ்ப்பார், குனிவதற்கே அவருக்கு மூச்சு வாங்கும், ஷூவை நாற்காலிக்குக் கீழே ஜோடியாக வைத்துவிட்டு டிவியைப் போடுவார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லையடி, ஒன்றரை மாதம். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், அதை நான் எழுதவில்லை.

நீ பத்து நாள் இருந்துவிட்டுக் கிளம்பினாய் அல்லவா, அதற்கு மறுநாள் தங்கக்கண்ணாடி துக்கம் விசாரிக்க வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார், "மனசைத் தேத்திக்கோங்க அக்கா" என்றார், நான் அழுதேன், அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தண்ணீர் குடித்தார். எப்போது வேலைக்கு வருவீர்கள் என்றார், இன்னும் பத்து நாள் லீவு என்றேன். அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து மேஜையில் வைத்தார். "நீங்க வராததுல நம்ம கிளாஸ் ரொம்பக் கீழே போயிடுச்சு. சும்மா வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடங்க அக்கா, உங்க மனசுக்கும் நல்லது" என்றார். துக்க வீட்டுக்குப் பட்டையைக் கொண்டுவந்தவளை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? விளக்குமாற்றை எடுத்து விரட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, "சரி டீச்சர்" என்றேன். அவர் போன பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, பதினேழு பதினேழாகப் போட்டுக்கொண்டு, தெருவில் இறங்கித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்தேன். போகும்போது ஒரு நாய் கூடவே வந்தது, அப்புறம் அதுவும் திரும்பிவிட்டது. தொட்டிக்குக் கீழே ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது, அங்கே இரண்டு பேர் உட்காரலாம். வீட்டுக்கு வந்து ஒரு பட்டையை எடுத்துப் பார்த்தால் மூவாயிரத்துச் சொச்சம். மூவாயிரத்துச் சொச்சம்தானடி. அதற்குத்தான் என் கால் வலித்தது.

அதற்கு அப்புறமும் நான் நிறுத்தவில்லை என்று சொன்னால் காறித் துப்புவாய். வேலைக்குப் போனேன், பையில் போட்டார்கள், நடந்தேன். எதையாவது சுமந்தால் சரி என்றிருந்தது, அவ்வளவுதான். பருவம் முடிந்து போன வாரம் அந்த அதிகாரி கோப்பையோடு வந்தார். மூன்றாம் வகுப்புதான் முதல், அதில் என்ன சந்தேகம். வகுப்பிலேயே வைத்துக் கோப்பையைக் கொடுப்பது என்று ஏற்பாடு, நான் வராந்தாவில் கையில் ஈரத்துணியோடு ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு மூன்று தடவை இடைவேளை நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனவர் அந்த அதிகாரி, அவர் கேட்டார், "உங்க பிள்ளைங்களை நான் ஒரு நாள்கூட மைதானத்துல பாக்கலையே, எப்படி மேடம் இவ்வளவு அடி?" என்று. ஆஹா, மாட்டினாள் என்று நினைத்தேன். தங்கக்கண்ணாடி அசரவில்லை. "பாடத்தோடயே அசைவைச் சேத்துட்டோம் சார், வெளியே அனுப்பி நேரத்தை வீணாக்க வேண்டியதே இல்லை" என்றார். அதிகாரி முகம் மலர்ந்துபோனது. "அருமை, எல்லா வகுப்புக்கும் இதையே கொண்டுவந்துடலாமே, இடைவேளையையும் பாட நேரத்தோட சேத்துட்டா தினம் பதினஞ்சு நிமிஷம் மிச்சம்" என்று பெரிய டீச்சரைப் பார்த்தார். பெரிய டீச்சர் குறிப்பு நோட்டைத் திறந்துவிட்டார். விசில் கூட தலையாட்டினார், அவருக்கு நாற்காலியைத் தூக்குகிற வேலை மிச்சம். நான் ஜன்னல் துடைப்பதை நிறுத்திவிட்டேன். என் காலை வைத்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் நாற்காலியோடு கட்டப் போகிறார்கள். நாற்காலி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், நான் ஒரு நாற்காலியைப் பார்த்துக்கொண்டுதான் தினம் சாப்பிடுகிறேன்.

வாசற்படியில் நின்றுகொண்டு, "ஐயா, அது பிள்ளைங்க கால் இல்லை, என் கால்" என்று சொல்லிவிட்டேன். அதிகாரி திரும்பினார். பெரிய டீச்சர் ஓடிவந்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார், வீட்டுக்காரர் தவறினதிலேருந்து ஆயாவுக்கு மனசு கொஞ்சம் சரியில்லை" என்றார். என் துக்கத்தை எடுத்து என் வாயிலேயே அடைக்கிறாள் பார். "என் மனசு சரியில்லைதான், அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளை படுக்கையில பதினோராயிரம் நடந்துச்சே, அதுக்கும் மனசு சரியில்லையா?" என்றேன். சுவரில் இருந்த தாளை அதிகாரி கிட்டே போய்ப் பார்த்தார், வருகைப் பதிவேட்டைக் கேட்டார், அதையும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து பொக்கை எழுந்து நின்று, "ஆமா சார், என்னோடதும் ஆயாகிட்டதான் இருக்கும், நான் தினம் மொட்டை மாடிக்குப் போவேன்" என்றது. தங்கக்கண்ணாடி முகத்தில் ஈ ஆடவில்லை. அதிகாரிக்கும் கோபம், அவர் காகிதத்துக்கு வந்த கேடு அல்லவா. "இப்ப இன்டர்வெல் டைம்தானே, பிள்ளைங்களை வெளியே விடுங்க, பாத்துடலாம்" என்றார்.

கதவைத் திறந்து விட்டார்கள். நீ என்ன நினைக்கிறாய், மடை திறந்த மாதிரி ஓடினார்கள் என்றா? முப்பத்துநாலு பேரும் வரிசையாக வந்து சுவர் ஓரமாக உயர வாரியாக நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டார்கள். அதிகாரி, "விளையாடுங்க" என்றார். ஒருத்தரும் அசையவில்லை. ஒரு பையன், "என்ன விளையாடணும் சார்?" என்றான். இன்னொருத்தன், "இது டெஸ்ட்ல வருமா சார்?" என்றான். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டு பருவத்துக்கு முன்னால் வராந்தாவில் என் பக்கெட்டைத் தட்டிவிட்டு ஓடிய அதே பிள்ளைகளடி, நான் துரத்தித் துரத்தித் திட்டிய பிள்ளைகள். கையில் இருந்த ஈரத்துணியைச் சுருட்டி பொக்கை முதுகில் ஒரு வீசு வீசினேன். "பட்டுடுச்சு, இப்போ நீதான் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஆமாம், நான்தான், உன் அம்மா, கோட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு கார்களுக்கு நடுவில் ஓடினேன். கொஞ்ச நேரம் அது துணியைப் பிடித்துக்கொண்டு முழித்தது, அப்புறம் ஒரு கத்துக் கத்திக்கொண்டு வந்தது பார், என்னை விட்டுவிட்டு அந்த டெஸ்ட்காரன் மேல் அடித்தது, அவன் இன்னொருத்தன் மேல், அப்புறம் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை. மணல் மேட்டில் ஏறினார்கள், பாதி மணல் மைதானத்துக்கு வந்துவிட்டது. துணி போய் அதிகாரி கார்க் கண்ணாடியில் பளிச்சென்று அறைந்தது, பினாயில் துணி, நல்ல கறை. ஒரு பெண் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள், யாராவது திட்டுவார்களா என்று சுற்றிப் பார்த்தாள், யாரும் திட்டவில்லை என்றதும் எச்சிலைத் தொட்டு வைத்துக்கொண்டு ஓடினாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். அன்றைக்கு ஒருத்தர் கையிலும் பட்டை இல்லை.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே, அவ்வளவு நல்லவர்கள் இல்லை இவர்கள். அதிகாரி, "இதை நான் ஃபைல்ல என்னன்னு எழுதறது" என்று முனகிக்கொண்டே போனார். கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் மேஜையிலேயே விட்டுவிட்டார், பெரிய டீச்சர் இப்போது அதில் பேனா போட்டு வைத்திருக்கிறார். இடைவேளையைப் பாடத்தோடு சேர்க்கிற பேச்சு நின்றது, எல்லா வகுப்புக் கதவும் மணி அடித்ததும் திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பன்னிரண்டு காரில் இரண்டு கார் தெருவுக்குப் போனது. மாப்பையும் பக்கெட்டையும் நானே மாடிப்படிக்குக் கீழே மாற்றிவிட்டேன், அது மட்டும் என் கையில் இருந்தது. எனக்கு இங்கிலீஷில் ஒரு மெமோ வந்தது, கிளார்க்கிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், "பணி நேரத்தில் மைதானத்தில் ஓடியதற்கு விளக்கம் தரவும்" என்று இருக்கிறதாம். ஓடாமலே கோப்பை வாங்கப் பார்த்தவருக்கு ஒன்றும் இல்லை, ஓடினவளுக்கு மெமோ. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்வார்களாம். கிளார்க்கே பாவம் பார்த்து மன்னிப்புக் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறார், நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட மாட்டேன். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா வேலை, இங்கே வந்து நிம்மதியா உக்காரு" என்று நீ ஆரம்பிப்பாய், தெரியும். உட்காருவதைப் பற்றி என்னிடம் இனிமேல் பேசாதே.

வாலு, கண்ணு, நாளைக்கே அந்த டீச்சரிடம் போ. போனில் சொல்லாதே, நேரில் போ. நான் சொன்னது தப்பு மேடம், என் பிள்ளையை மணி அடித்ததும் வெளியே விடுங்கள், எழுதாததை வீட்டில் நான் எழுத வைத்துக்கொள்கிறேன் என்று சொல். அவர் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும். மைதானத்தில் எத்தனை கார் நிற்கிறது என்று நீயே எட்டிப் பார், உன் கார் நின்றால் முதலில் அதை எடு. சாயங்காலம் அவன் வந்ததும் நோட்டைத் திறப்பதற்கு முன்னால் முட்டியைப் பார், ஒரு சிராய்ப்பும் இல்லை என்றால் அப்போது கவலைப்படு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், கை கால் ஓயாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் எங்கிருந்தாலும் அதைத்தான் சொல்வார். மாப்பிள்ளைக்கும் தொப்பை வைக்கிறது என்று போட்டோவில் பார்த்தேன், மறக்காமல் சாயங்காலம் நடக்கச் சொல், தனியாக அனுப்பாதே, உனக்கு எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அவர் வாயேன் என்று கூப்பிட்டால் எழுந்து போ.

இப்படிக்கு,
காலுக்கு ஒன்றும் கேடில்லாத உன் அம்மா.

காகிதத்தை மடிக்கப் போனேன், மடிக்க முடியவில்லை. யாரிடமும் கேட்காததை உன்னிடம் கேட்கிறேன். நீ படித்தவள், சமாதானம் சொல்லாதே, உள்ளதைச் சொல். அந்த ஒன்றரை மாதமும் ஊரார் பிள்ளைகளுக்கு நடந்தது போக என் காலில் ஒரு மூவாயிரம் அடியை மிச்சம் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால், உன் அப்பா இன்றைக்கு இருந்திருப்பாரா?